அஞ்சால் பெருக்கு

...அஞ்சால் பெருக்கு, அவ்வளவுதானே, இதற்குப் போய் எதற்கு டீச்சர் இவ்வளவு யோசனை என்று காலையில் சிரித்தாரே சக்கரபாணி, கல்வி ஆபீஸ் கிளார்க், அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடந்து குடைகிறது. இருபதை அஞ்சால் பெருக்கினால் நூறு, யார் இல்லை என்றது, வாய்ப்பாடு எனக்கும் தெரியும், அவர் பிறந்து தவழ்ந்த காலத்தில் நான் அதை ஒப்பித்து மிட்டாய் வாங்கியிருக்கிறேன்... அறை முழுக்கப் பேனா கீறும் சத்தம், சரித்திரப் பரீட்சை, கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, மூடினால் பிள்ளைகள் வேர்த்து வடிகிறார்கள், பாதி திறந்து பாதி மூடி வைத்திருக்கிறேன், இந்த ஊரே இப்போது அப்படித்தான் இருக்கிறது. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது, நேற்று வரை மத்மசேல் அஞ்சலாட்சி, இன்றைக்கு அஞ்சலாட்சி டீச்சர், போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பத்தான் போகிறேன். ஆனால் மார்க்கு? மேசைமேல் முழங்கைக்கு அடியில் கிடக்கிறதே இந்தத் தாள், மூன்று வருஷமாக நாங்கள் இருபதுக்குப் போட்டுவந்த வகுப்பு மார்க்கின் சராசரி ஒரு கட்டத்தில், பக்கத்தில் நூற்றுக்கு என்று காலியாக ஒரு கட்டம், பரீட்சை மணி அடிப்பதற்குள் பெருக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன். போட மாட்டேன். என்ன செய்வார்கள், தலையை வாங்கிவிடுவார்களா?

யாரம்மா அது, பக்கத்துத் தாளில் கண்ணை மேயவிடுகிறது, திரும்பு... திரும்பிவிட்டது, நல்லது. இருபதுக்கு மார்க்குப் போட்ட கதை சக்கரபாணிக்கு எங்கே தெரியப்போகிறது? இருபது கடவுளுக்கு, பத்தொன்பது எனக்கு, மிச்சம்தான் உங்களுக்கு என்பாள் எங்களுக்குப் பாடம் சொன்ன பிரெஞ்சுக்கார மதாம், சொல்லிவிட்டு அந்த மிச்சத்தையும் கையை விட்டு இறக்க மாட்டாள். பன்னிரண்டு போட்டால் அந்தப் பிள்ளை தெருவில் தலை நிமிர்ந்து நடக்கும், பதின்மூன்று என்றால் வீட்டில் பாயசம், பதினான்கு நான் பார்த்ததே இல்லை. தீக்தே என்று ஒன்று, அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுத வேண்டும், ஒரு தப்புக்கு நாலு மார்க் போகும், அஞ்சு தப்பானால் பூஜ்யம், ஒரு பக்கம் முழுக்கச் சரியாக எழுதிய கை அஞ்சே அஞ்சு இடத்தில் தடுக்கி விழுந்தால் எழுதாத கைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. நாங்களும் அந்தக் கையிடம் படித்த கைகள்தானே, மதாம் கப்பலேறிப் போன பிறகும் அதே அளவில்தான் போட்டோம். இதே ஊரில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் மதராசு முறை, அங்கே எழுபதும் எண்பதும் கோயில் சுண்டல் மாதிரி கொடுக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம். ஆனால் அந்த எண்பதுக்குப் பக்கத்தில் எங்கள் பன்னிரண்டை அஞ்சால் பெருக்கி அறுபது என்று நிறுத்தினால், இது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இல்லையா? இதைச் சொன்னதற்குத்தான் சக்கரபாணி, “சட்டியில இருந்தாத்தானே டீச்சர் அகப்பையில வரும்?” என்றார். சட்டி நிறைய இருக்கிறதய்யா, அகப்பைதான் சின்னது.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் தனக்கொடி. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எழுதுகிறாள், கூடுதல் தாள் கேட்டு வாங்கிவிட்டாள், கேட்கும்போதுகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் தான் கேட்க நினைப்பதை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம். பன்னிரண்டு வாங்கியவள் இவள்தான். ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வகுப்பு மார்க் அறுபத்தைந்து வேண்டும், வெறுமனே பள்ளி தேறினால் போதும் என்றால் முப்பத்தைந்து, இது புதுச் சட்டம், பரீட்சையில் எவ்வளவு எழுதிக் கிழித்தாலும் வகுப்பு மார்க் தனியாகத் தேற வேண்டும். அறுபது என்று நான் கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷம் தனக்கொடிக்குக் கதவு சாத்தியாயிற்று. பிறகு என்ன? வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து அவள் அம்மா பச்சையம்மாள் போன வாரம் வந்தாள், மீன் விற்று முடித்து, கூடையைப் பள்ளிக்கு வெளியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, என்னவோ என் கையைத் தொட்டுவிடப் போகிறவள் மாதிரி. “படிச்சது போதும்னு நா சொல்லல டீச்சரம்மா, எடம் குடுத்தாங்கன்னா அனுப்பிடறேன், குடுக்கலன்னா எங்கூடக் கூடையத் தூக்கட்டும், ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுங்க” என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் நானும் நாலு ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன், அவள் நியாயம் கேட்டுவிட்டுப் போனாள், நியாயத்துக்கு ஆறுதல் சொல்ல முடியுமா? கூடை தூக்குவது ஒன்றும் கேவலமில்லை, அவள் அம்மா தூக்கித்தான் அவள் வளர்ந்தாள், ஆனால் தானாக எடுத்தால் அது வேறு, ஒரு கிளார்க்கின் வாய்ப்பாடு எடுத்துத் தலையில் வைத்தால் அது வேறு.

நடக்கிறேன், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, நடந்தால் கோபம் கொஞ்சம் கால் வழியாக இறங்கும். கோடையில் எங்களையெல்லாம் மதராசுக்கு அனுப்பிப் புதுமுறைப் பயிற்சி கொடுத்தார்களே, அங்கே ஒரு சின்ன வயசு லெக்சரர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அரசாங்கச் செலவில் தூங்கலாம் என்று போன எங்களை அவன்தான் உலுக்கி எழுப்பினான். ஒரு மார்க்கைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்றான், அந்த வகுப்பின் நடு எங்கே என்று பாருங்கள், பிள்ளைகள் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் சிதறி நிற்கிறார்கள் என்று பாருங்கள், அப்புறம் இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கரும்பலகையில் கவிழ்த்த மணி மாதிரி ஒரு கோடு வரைந்தான், எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, எனக்குத் தனக்கொடிதான் தெரிந்தாள், அந்த மணியின் வலது ஓரத்தில், ஜன்னல் பக்கமாக. ஊருக்கு வந்ததும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் அமிர்தவல்லியைப் பிடித்தேன், அவர்கள் மார்க்கை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எங்கள் நடு ஒன்பதரை, அவர்கள் நடு ஐம்பத்தைந்து. எங்களுடையது ஒன்றரை ஒன்றரையாகச் சிதறுகிறது, அவர்களுடையது பதினைந்து பதினைந்தாக. அப்படியென்றால் எங்கள் ஒரு மார்க் அங்கே பத்து மார்க்! அவர்கள் பிள்ளைகள் ஒருவேளை கெட்டிக்காரிகளோ என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது, அரையாண்டுக்கு இரண்டு பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள், திருத்தியதும் வெளியாள், இரண்டு வகுப்பும் ஏறக்குறைய சமம். தனக்கொடி நடுவுக்கு மேலே இரண்டரை, அங்கே அது இருபத்தைந்து, ஐம்பத்தைந்தும் இருபத்தைந்தும் எண்பது. எண்பது! அறுபது என்கிறார்கள், அறுபது, எவன் வீட்டுச் சொத்தை எவன் பிடுங்குவது?

செருப்புச் சத்தம்... கமலவேணியம்மா, தலைமையாசிரியை, விழுப்புரத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பாவம் நல்லவள், சண்டையென்றால் தலைவலி வந்துவிடும், இப்போதே நெற்றியில் தைலம் மணக்கிறது. பிள்ளைகளுக்குக் கேட்காமல் என் காதருகே குனிகிறாள். “சக்கரபாணி என் ரூம்ல உக்காந்துட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“போடலம்மா. போட மாட்டேன்.”

“உங்களால எனக்கு மெமோ வரும் டீச்சர்.”

வரட்டும், எனக்கும் சேர்த்து வரட்டும், இரண்டையும் சட்டம் போட்டு மாட்டுவோம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன், கணக்கை எடுத்துக் காட்டினேன். நடு இது, சிதறல் இது, ஒன்றுக்குப் பத்து. இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாம் தடவை விரலை வைத்துப் பார்த்தாள். கணக்கு டீச்சராக இருந்தவள்தான், மறந்துபோனதெல்லாம் முகத்தில் திரும்பி வருவது தெரிந்தது. சரி, இதுக்கு நா பொறுப்பு, போடுங்க என்றாள்! என் காதையே நான் நம்பவில்லை. போகப் போனவள் திரும்பி, “ஒண்ணு மட்டும் டீச்சர். கணக்கு எல்லாருக்கும் ஒரே கணக்கா இருக்கணும். ஆளுக்கொண்ணுன்னா ஆபீஸ்ல என்னால நிக்க முடியாது” என்றாள். “மொதப் புள்ளையிலேருந்து கடைசிப் புள்ள வரைக்கும் ஒரே கணக்குதாம்மா” என்று சொன்னேன், எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன், எனக்கே மெய் சிலிர்த்தது.

பேனாவைத் திறந்தேன். தனக்கொடி, எண்பது. எழுதிவிட்டு ஒரு நிமிஷம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், மை காயட்டும், சக்கரபாணியின் அஞ்சு இனி இந்தக் கட்டத்துக்குள் நுழையட்டும் பார்க்கலாம். பச்சையம்மாளுக்கு நாளைக்கே சொல்லியனுப்ப வேண்டும், இல்லை, நானே போக வேண்டும், உப்பளத்து வீட்டிலிருந்து வம்பாக்கீரப்பாளையம் எத்தனை தூரம், நடந்தே போவேன். ஜெயம், பத்தரை, அறுபத்தைந்து, அட, இவளுக்கும் கதவு திறக்கிறதே, பெருக்கினால் ஐம்பத்திரண்டரை என்று பரிதாபமாக நின்றிருப்பாள்! ஆதிலட்சுமி, பத்து, அறுபது. கை ஓடுகிறது, ஒன்பது, ஐம்பது, எட்டரை, நாற்பத்தைந்து... எட்டு, நாற்பது, இதுவும் பெருக்கினால் நாற்பதுதான், வித்தியாசமில்லை, சந்தோஷம், கீழே போ. கடைசி வரி. சின்னப்பொண்ணு, ஏழு.

ஏழு, நடுவுக்குக் கீழே இரண்டரை, ஐம்பத்தைந்தில் இருபத்தைந்து போனால்... முப்பது. பேனா நின்றது. முப்பத்தைந்து வேண்டுமே. மறுபடி போட்டேன், முப்பது, கணக்கு என்னைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது. அஞ்சால் பெருக்கினால்? ஏழஞ்சு முப்பத்தைந்து. சரியாக முப்பத்தைந்து. நிமிர்ந்து பார்க்கிறேன், கடைசி பெஞ்சில் தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள், எழுதுகிறாளா அடிக்கிறாளா தெரியவில்லை, இந்த வகுப்பில் யாரோ ஒருத்தி கடைசியாக நின்றுதானே ஆக வேண்டும், அது வருஷா வருஷம் இவள். வகுப்பு தேறினால் பெரியாஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று போன மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், அதற்குள் வெள்ளைப் புடவைகூடப் பார்த்து வைத்துவிட்டாளாம், எல்லோரும் கேலி செய்தார்கள், நானும் சிரித்தேன். அவளுக்கு மட்டும் அஞ்சால் பெருக்கிவிடலாமா... ஆளுக்கொரு கணக்கா? சொன்னேனே, முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் என்று, யார் கேட்டார்கள் என்னை அப்படிச் சொல்லச் சொல்லி? எல்லோருக்கும் பெருக்கினால் தனக்கொடி கூடை தூக்குவாள், ஜெயமும் போவாள், யாருக்கும் பெருக்காவிட்டால் இவள் போவாள், இரண்டு கணக்கும் ஒரு பிசகில்லாமல் இருக்கிறது, அந்தக் குருட்டு அஞ்சு இவளை மட்டும் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறதே, அது எப்படி? என் கணக்குதான் நியாயம், இப்போதும் சொல்வேன், எந்த ஆபீஸில் கேட்டாலும் சொல்வேன், ஆனால் அந்த நியாயத்தை எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் அவள் முகத்துக்கு நேரே சொல்வேனா?

மணி அடித்தது. தாள்களை அடுக்குங்கள், பேசாதீர்கள், வரிசையாக... வாசலில் சக்கரபாணி, முகத்தில் அதே சிரிப்பு, கையை நீட்டிக்கொண்டே வருகிறார். “முடிச்சுட்டீங்களா டீச்சர்? பெருக்கலயாமே, அம்மா சொன்னாங்க. உங்க கணக்குல எல்லாருக்கும் நல்லதாப் போச்சுன்னா எனக்கும் சந்தோஷம்தான்.”

“முடியல. அங்கியே நில்லுங்க” என்றேன். அறையில் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாகவா சொன்னேன்? காலையில் இருந்த கோபம் ஒரு பொட்டு குறையாமல் அப்படியே இருக்கிறது, யார்மேல் என்பதுதான் இப்போது தெரியவில்லை.