டெனிசன் காதுக்கு மட்டும் கேட்ட குரல்

1

இந்தக் கதை எனக்குக் கேன்டீனில் கிடைத்தது. லிடியா எதிரே உட்கார்ந்து, தட்டிலிருந்த பொங்கலைத் தொடாமல் சொன்னாள். ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில், ஆறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். அவள் சொல்லி முடித்தபோது என் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வல்லக்கோட்டையில் பொழுது புலர்ந்தது. பறவைகள்’

அடித்துவிட்டேன். லிடியாவுக்குப் பறவைகள் கேட்கவில்லை. இரண்டு காதிலும் ஹெட்போன்.

2

மூன்று வருடம் முன்பு அவள் கணவர் டெனிசனுக்கு இதய வால்வு மாற்றினார்கள். உடம்பு தேறியதும், மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். வேலைக்கே சைக்கிளில் போக ஆரம்பித்தார் டெனிசன். அவருக்குத் துணையாக லிடியா ஓட ஆரம்பித்தாள், நாற்பது வயதில், தெருவே வேடிக்கை பார்க்க. ஆளுக்கொரு ஜோடி வயரில்லாத ஹெட்போன் வாங்கினார்கள். பாட்டுக் கேட்க அல்ல. அவர் ஒரகடம் பக்கம் மிதிப்பார், இவள் ஊருக்குள் ஓடுவாள், போன் இணைப்பு மட்டும் அறுபடாது.

“மூச்சு வாங்குதாங்க?”

“எனக்கு இல்ல. உனக்குத்தான் வாங்குது.”

(மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள சின்ன வீட்டில், இவர்கள் இருவரும் தனியாகப் பேசக் கிடைத்தது அந்த நாற்பது நிமிடம்தான். இதை அடிக்குறிப்பில் போட நினைத்தேன். அவ்வளவு சின்ன விஷயமில்லை இது.)

3

அன்று வியாழக்கிழமை. ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். காதுக்குள் ஒரு சத்தம். தகரக் கதவில் மூட்டையைத் தூக்கி எறிந்த மாதிரி. அப்புறம் நிசப்தம்.

“ஏங்க?”

“ஏங்க!”

[அப்போது அவள் மனதில் என்ன ஓடியது என்று எழுதப் பார்த்தேன். ‘அவளுக்கு’ என்று தொடங்கி நின்றுவிட்டது. ஒன்றுமே ஓடவில்லையாம்.]

பிறகு யார் யாரோ பேசுவது கேட்டது.

“இன்னாபா, ஆளு போயிட்டானா?”

“தொடாத. போலீஸு கேஸுனு நம்மள இழுத்துக்கினு போவாங்க.”

“வீடியோ எடுத்துக்கினியா?”

நான்கு கிலோமீட்டர் தள்ளி, நடுத்தெருவில் நின்று லிடியா கத்தினாள். “108-க்கு போன் போடுங்க! ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திர சாப்பிடறாருங்க! அடிபட்டா ரத்தம் நிக்காது!”

அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் டெனிசனின் காதுக்குள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. டெனிசன் நினைவில்லாமல் கிடந்தார்.

இணைப்பைத் துண்டித்துவிட்டு அவளே 108-ஐ அழைத்திருக்கலாமே என்று நானும் கேட்டேன். “கட் பண்ணா அவரே போயிடுவாருன்னு தோணிச்சுக்கா. எங்க விழுந்து கெடக்காருன்னும் தெரியல,” என்றாள்.

4

திடீரென்று காதுக்குள் கரகரவென்று உரசல். யாரோ ஹெட்போனை எடுக்கிறான். அடிபட்டுக் கிடப்பவனிடம்கூடத் திருடுகிறார்களே என்று நினைத்தாள். “டேய், வெச்சுட்றா!” என்று அலறினாள்.

[என் முதல் வரைவில் அவனைத் திருடனாகவே எழுதினேன். வெளியூர்ப் பையன், அழுக்குச் சட்டை, கண்ணில் ஒரு கள்ளத்தனம். எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கே திக்கென்கிறது.]

“ஏ, இதுக்குள்ள இருந்து யாரு பேசுதீய?”

அவன் பெயர் கொம்பையா. தென்காசிப் பக்கம். இரவு ஷிப்ட் முடித்து, மண்ணூரில் இருக்கும் அறைக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றவன். தரையில் தெறித்துக் கிடந்த ஒரு பக்க ஹெட்போனிலிருந்து கொசு ரீங்காரம் போலக் கேட்டிருக்கிறது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தன் காதில் செருகிக்கொண்டான்.

“அவரு வூட்டுக்காரிங்க...”

“அழாதீங்கக்கா. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க, நான் செய்யுதேன்.”

அவள் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவன் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான். ஒருவர் 108-ஐ அழைத்தார். கொம்பையா தன் சட்டையைக் கழற்றி மடித்து, டெனிசனின் தலையில் அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸிலும் ஏறினான். மாத்திரை விவரத்தை டாக்டரிடம் சொன்னவனும் அவன்தான். அது மட்டும் தெரியாமல் போயிருந்தால்

(இந்த வாக்கியத்தை டாக்டரும் முடிக்கவில்லை.)

5

டெனிசன் பிழைத்துக்கொண்டார். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலை மட்டும் அவர் நினைவில் இல்லை.

டெனிசனை இடித்துத் தள்ளியதாக வழக்கு, டிரைலர் லாரி டிரைவர் வெங்கடேசன் மேல். “சார், வண்டி ஓரமா நின்னுகினு இருந்துச்சு. அவருதான் தலைய குனிஞ்சிகினு வந்து மோதினாரு,” என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். “ரோட்டுல நான் போனப் பாக்கவே மாட்டேன்,” என்று டெனிசன் பைபிள் மேல் கைவைத்துச் சொல்கிறார்.

லிடியா கேன்டீனில் கடைசியாகச் சொன்னது இதுதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஐந்து கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடி முடித்திருந்தாள். போனில் ஓட்டத்தை அளக்கும் ஆப் அதைக் காட்டியது.

“ஏங்க, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக்கீறேன். இப்பவே பாருங்களேன்!”

“இரு, இரு, பாக்கறேன்.”

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் லிடியா காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறாள். இன்னொன்றில் வாயே திறப்பதில்லை. வெங்கடேசன் ஊரில் எருமை வாங்கிப் பிழைத்துக்கொள்கிறார். (இந்த எருமை, என் மனசாட்சிக்கு நானே போட்ட தீனி.) இரண்டையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“ரெண்டும் வேணாம்க்கா. எங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியல. நாலு தபா வாயத் தொறந்து மூடிட்டேன். நீ எழுதறது அச்சுல வந்தா அவரு படிப்பாரு. அந்த அஞ்சாவது பகுதிய மட்டும் எடுத்துடாத.”

இவ்வளவு நாளும் கதை எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

டெனிசன், இந்த வரி வரைக்கும் வந்திருப்பீர்கள். இதழைக் கீழே வையுங்கள். லிடியா சமையலறையில்தான் நிற்கிறாள். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும்.