மச்சானின் வயிற்றுக் கிருமிகள்

தொண்ணூற்றேழில் என் அக்கா ஹாஜறா றாத்தாவின் கணவர் முனாப் மச்சானுக்குச் சீனி வருத்தம் கூடியது. அடுத்த கிளினிக்கிலும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மீன் முள் குத்தினாலே முகம் வெளிறிப்போகிற மனிதர் அவர்.

எங்கள் ஊர் வழக்கப்படி மச்சான் பெண் வீடான எங்கள் வீட்டில்தான் இருந்தார். உம்மா மருமகனின் முன்னால் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, சொல்ல வேண்டியதை எங்களிடம் சொல்லியனுப்புவார். ஆனால் அவருடைய தட்டில் வெள்ளைச் சம்பாச் சோற்றைக் குவிப்பதில் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

நான் போய்வந்த கல்முனை மாலை வகுப்பில் புண்ணியமூர்த்தி சேர் குடலைப் பற்றிப் படிப்பித்தார். நமக்குச் செரிக்காத நார், குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கு உணவாம். அவை அதை நொதிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் உடம்புக்கு நல்லவையாம். நாருள்ள உணவால் இரத்தத்தில் சீனியும் மெல்லத்தான் ஏறுமாம். சரியாக எழுதினேனா என்ற சந்தேகத்தில் வகுப்பு முடிந்ததும் மறுபடி கேட்டேன். குரக்கன் என்கிற கேழ்வரகு, கௌபிப் பயறு, கீரை என்று உதாரணமும் தந்தார்.

உம்மாவுக்கு விளங்கட்டும் என்று பற்றீரியாவை நான் ‘கிருமி’ என்றேன். மருமகனின் வயிற்றில் கிருமி என்றதற்கு மேல் உம்மா ஒன்றும் காதில் வாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வேப்பிலைக் கசாயம் காய்ச்சி, பூச்சி சாகட்டும் என்று றாத்தாவிடம் கொடுத்தனுப்பினார். மாமி தந்ததை மறுக்கத் தெரியாத மச்சான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பின்னேரமும் கோப்பை வந்தபோது, மனைவியின் தங்கையான என்னைக் கிணற்றடியில் பிடித்தார்.

“மச்சி, மாமிக்கு என்னில என்ன கோவம்?”

நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

உம்மாவிடம் போய், இந்தக் கிருமிகளைக் கொல்லக் கூடாது, குரக்கன் புட்டுப் போட்டு வளர்க்க வேண்டும் என்றேன். அவர் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார். மருமகனுக்குக் குரக்கன் வைத்தால் நாங்கள் நொடித்துப்போனோம் என்று ஊர் கதைக்குமாம்.

அன்றிரவு மச்சான் சோற்றில் கைவைக்கவில்லை. கதவைப் பார்த்து, முதல் தடவையாக நேரே கதைத்தார்.

“மாமி, ஊசி இல்லாம இரிக்கணுமெண்டா எனக்குக் குரக்கன் தாங்க. ஊர் கதைச்சா நான் பாத்துக்கிறன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தேங்காப்பூ கூடப் போடட்டா மகன்?”

ஆசையில் உம்மா குரக்கனை அளவுக்கு மிஞ்சிப் போட்டதில் மச்சானின் வயிறு பொருமியது. சேரிடம் கேட்டு, குறைத்து வைத்துப் படிப்படியாகக் கூட்டினோம்.

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. டொக்டர் ஊசிப் பேச்சை விட்டார். காரணம் நார்தானா, சோறு குறைந்ததா, மச்சான் பள்ளிவாசலுக்கு நடந்து போகத் தொடங்கியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சேராலும் முடியவில்லை. மச்சான் எனக்கு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தார். அதில் ஒரு துண்டு தனக்கும் கேட்டார். றாத்தா பெட்டியை மூடிவிட்டார்.