பேய்க்கு எழுதிய வசனம்

அவனைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. கொன்ற விதம்தான் தப்பாகப் போய்விட்டது.

பதறாதீர்கள், தொலைக்காட்சித் தொடரில்தான் கொன்றேன். கதையும் வசனமும் நான். செத்துப்போன அக்கா ஆவியாக வந்து தங்கையைக் காப்பாற்றுகிற கதை. யாரிடமிருந்து? பிரிந்த பிறகும் விடாமல் துரத்துகிற பழைய புருஷனிடமிருந்து. அந்தப் புருஷனாக நடித்தவன் நிஜத்தில் என் தங்கையின் பழைய புருஷன். அவள் அதே படப்பிடிப்புத் தளத்தில் மேக்கப் போடுகிறவள். அங்கேதான் அவனைப் பார்த்தாள், அங்கேதான் பழகினாள். ஐந்து வருடம் அவனோடு குப்பை கொட்டிவிட்டு, ஒரு மழைநாளில் ஒற்றைப் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா," என்றாள். கன்னத்தில் விரல் பதியும்படி இடிக்கிற கதவை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

விவாகரத்து ஆனது. ஆனால் தளம் ஒன்றுதான், மேக்கப் அறையும் ஒன்றுதான்.

"அவர் உள்ள வந்தாலே கை நடுங்குதுக்கா. பிரஷ் பிடிக்க முடியல. நான் வேலைய விட்டுடட்டுமா?"

"நீ எதுக்குடி விடணும்? ஒரு மாசம் பொறு. அவன் கதைய நான் முடிக்கிறேன்."

முடித்தேன். மாடியிலிருந்து உருட்டி, கீழே எரிகிற கொட்டகைக்குள் விழவைத்து, ஒரு உயிருக்கு இரண்டு சாவு கொடுத்தேன். பதினைந்து வருடத்தில் அப்படி வயிறு குளிர எழுதியதில்லை. அந்தக் காட்சி எடுத்த அன்று தங்கை வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள், பாட்டுகூட முணுமுணுத்தாள்.

என் புத்தி புல் மேயப் போனது இங்கேதான். பேய்த் தொடரில் சாவு என்பது பதவி உயர்வு. வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் அப்படியே போய்த் தொலைந்திருப்பான். ஜெயிலில் போட்டிருந்தால் ஜனங்கள் மறந்திருப்பார்கள். செத்தவன் மட்டும்தான் திரும்பி வருவான், முன்னைவிடப் பலத்தோடு வருவான். இதையே எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தெரியாதா? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன.

மூன்றே வாரத்தில் தயாரிப்பாளர் கூப்பிட்டார்.

"அவன் போனதுல இருந்து பாக்குறவங்க பாதியா கொறஞ்சுட்டாங்கம்மா. ஆவியா கொண்டுவாங்க. அக்கா ஆவியும் புருஷன் ஆவியும் மோதட்டும்."

"சார், அவன் எரிஞ்சு சாம்பலாயிட்டான்."

"அதான் வசதி! மூஞ்சி பூரா தீக்காயம். பாத்தாலே பசங்க அலறணும். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, எழுதறதுக்கு ஆளா இல்ல?"

தீக்காயம் என்றதும்தான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருந்தவரை அவனுக்குப் பத்து நிமிடப் பவுடர்தான், உதவிக்கு இருக்கும் பெண் பூசிவிடுவாள். தீக்காய முகம் என்றால் இரண்டு மணி நேரம். ரப்பர் பாலை அடுக்கடுக்காகத் தடவி, காயவைத்து, சுருக்கம் பிரித்து, விரல் நுனியால் நிறம் ஏற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவள் எங்கள் தளத்தில் ஒருத்திதான். தினமும் இரண்டு மணி நேரம் அவன் முகம் என் தங்கையின் கையில். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடித்துவிட்டேன்.

அவளிடம் சொன்னேன்.

"நீ எழுதலன்னா வேற யாராச்சும் எழுதுவாங்க. வர்றவங்க கதையில அந்த அக்கா ஆவியையே துரத்திட்டாலும் துரத்திடுவாங்க. நீயே எழுதுக்கா. நான் சமாளிச்சுக்குறேன்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தது.

செத்துத் திரும்பியவன் கத்தினால் யார் பயப்படுவார்கள்? கத்துகிற பேய் ஊரில் ஆயிரம் இருக்கிறது. இவன் மெதுவாகப் பேசவேண்டும். யோசித்தபடி உட்கார்ந்தேன், சட்டென்று வந்தது: "அழு. நல்லா அழு. அழுதா உனக்குத்தான் தலை வலிக்கும், எனக்கு வலிக்காது." அதன்பின் கை நிற்கவே இல்லை. "நீ சொன்னா யாரு நம்புவா? உனக்கே பாதி நம்பிக்கை இல்லையே." ஒரே மூச்சில் நான்கு பக்கம். முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க முடியாது.

முதல் நாள் படப்பிடிப்பு. திருத்திய பக்கங்களோடு மேக்கப் அறைக்குப் போனேன். அவன் பாதி வெந்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான். தங்கை அவன் தாடையில் நிறம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் காகிதத்தை வைத்துக்கொண்டு வசனத்தை வாய்விட்டுப் படித்தான். அழு, நல்லா அழு. இரண்டு வரி தாண்டியதும் நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"உங்க அக்காவுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி. நான் வீட்டுல சொன்னது, ஒரு வார்த்தை மாறல பாரு."

அவள் கை அவன் தாடையிலேயே நின்றது. வந்த முதல் வாரம் என் மடியில் படுத்துக்கொண்டு அவள் சொன்னவை அவை. அவனுக்கும் அவளுக்கும் அடுத்தபடியாக உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்தவை. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. பிறகு தூரிகையை நிறத்தில் தோய்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கை துளிகூட நடுங்கவில்லை. நடுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

காட்சி முடிந்ததும் தளமே கைதட்டியது. இயக்குநர் ஓடிவந்து, "எங்கேந்துதான் பிடிக்கிறீங்களோ!" என்றார். அந்த வாரம் தொடர் முதலிடத்துக்கு வந்தது. தயாரிப்பாளர், "தினமும் அவனுக்கு ஒரு சீனாவது வேணும்மா," என்றார். தலையாட்டினேன்.

தங்கை வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். தலைவலியா என்றால் இல்லை என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவள் வாயை மூடியதும் என் பேயும் வாயை மூடிக்கொண்டது. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். எல்லாம் பழைய கத்தல், பழைய உருட்டல் மிரட்டல்.

இன்று சாயங்காலம் அவள் அறைக் கதவைத் தட்டினேன். "அம்மாடி, கதவைத் திற. உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

திறக்கவில்லை. உள்ளேயிருந்து நிதானமாகக் கேட்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா, இல்ல வசனம் கேக்க வந்தியா?"

மன்னிப்புக்குத்தான்டி என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக் காலைக் காட்சிக்கு இன்னும் ஒரு வரி எழுதவில்லை. திறந்த வாய் திறந்தபடியே கதவுக்கு வெளியே நின்றேன்.