கஞ்சி குடித்த மிஷின்

மிஷின் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது வாசலில் மாட்டுவண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காத்தாயி எட்டிப் பார்த்தாள். மேலத்தெரு வைத்திலிங்கம் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் கயிற்றுச் சுருளோடு அவள் புருஷன் தர்மன்.

துணி துவைக்கிற மிஷினுக்குத்தான் கயிறு. சிமெண்டு ஆலை வடக்கத்தி ஆபீசர் ஒருத்தர் மாற்றலாகிப் போகும்போது, அங்கே மூட்டை ஏற்றுகிற தர்மனிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. ஒரு பக்கம் துவைக்கும், மறுபக்கம் பிழியும். நேற்றிலிருந்து தண்ணீர் வெளியே போகவில்லை. மோட்டார் புகைந்துபோச்சு என்று டீக்கடையில் இவன் புலம்ப, பக்கத்தில் நின்ற வைத்திலிங்கம் காதில் வாங்கிக்கொண்டார். எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டதற்கு இவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"மகளுக்குச் சீர் வைக்கணும். திருச்சில குடுத்து சரி பண்ணிக்கிறேன். ஒங்களுக்கு இதெல்லாம் தோதுப்படுமா தர்மா? ஏரில கல்லு இல்லாமயா போச்சு?"

அந்தக் கல்லைக் காத்தாயிக்கு நன்றாகத் தெரியும். மேலத்தெருப் பெண்கள் துவைத்து, குளித்து, ஊர்க்கதை பேசி எழுந்து போகிறவரை மூட்டையோடு தள்ளி நிற்கவேண்டும். வெயில் ஏறியபிறகு கிடைக்கிற கல்லில் சிமெண்டு ஏறிய காக்கியை அடித்து அடித்து விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. மிஷின் வந்தபிறகுதான் அந்த வெடிப்பில் தோல் மூடியிருந்தது. மறுபடி அங்கே போய் நிற்பதைவிடக் கையை வெட்டிக்கொள்ளலாம்.

"குடுக்கறதுக்கு இல்லீங்க."

"பேச்சு குடுத்துட்டேன் புள்ள," என்றான் தர்மன்.

"அந்தப் பேச்ச வண்டில ஏத்தி வுடு. மிஷின் இங்கயே இருக்கட்டும்."

வைத்திலிங்கம் சிரித்தார். "செத்த மாட்ட வச்சிக்கிட்டு யாருக்கு ஆவும்? தண்ணிய எறைச்சிட்டு தூக்குடா. நேரமாவுது."

காத்தாயி மிஷின் மேலிருந்த திருகைத் திருப்பினாள். அடியில் தகடு சுழன்று தண்ணீர் கலங்கியது. "சாவல. மோட்டாருக்கு ஒண்ணுமில்ல," என்றவள் திருகை நிறுத்தி, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். தண்ணீர் போகிற குழாயைத் தரையில் இறக்கி, கோழிக் கழுத்தைத் தடவுவதுபோல் அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓர் இடம் எலும்பாட்டம் கெட்டியாக இருந்தது. மடக்கி உதறினாள். வாய்வழியாகச் சாம்பல் நிறப் பொருக்கு ஒன்று விழுந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். புளித்த வாடை.

சங்கக் கூட்டத்துக்குப் போட்டுப்போக இவன் வெள்ளைச் சட்டை மொடமொடவென்று இருக்கட்டும் என்று, பானையில் ஊற்றுகிற மாதிரி மிஷினுக்குள் சோத்துக்கஞ்சியை ஊற்றி முக்கியெடுத்தது அவள்தான். அலசி விடாமல் அதிலேயே காக்கியையும் போட்டாள். கஞ்சியும் சிமெண்டும் சேர்ந்து குழாய்க்குள் மதிலே எழும்பியிருந்தது.

"மிஷினுக்குக் கஞ்சி ஊத்துன மொத ஆளு நீதான் காத்தாயி," என்று வைத்திலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எங்க வூட்டுக்கு வந்துட்டுக் கஞ்சி குடிக்காம இருக்க முடியுங்களா?"

தர்மனுக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"அம்மிக் கொழவிய எடுத்தா," என்றாள் காத்தாயி அவனிடம்.

அவன் நகரவில்லை. கயிற்றையும் வைத்திலிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தர்மா, தூக்குறியா இல்லியா?"

தர்மன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனான். குழவியோடு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயின் நுனியை வாசல்பக்கம் நீட்டிப் பிடித்தான். கெட்டித்த இடத்தில் குழவியை வைத்து மிளகாய் அரைக்கிற வாகில் காத்தாயி உருட்டினாள். உள்ளே நறநறவென்று நொறுங்கியது. குழாய் ஒருதரம் விக்கி, இருமி, அப்புறம் திறந்துகொண்டது. நுரையும் சாம்பலுமாகத் தண்ணீர் பீறிட்டு வாசலைத் தாண்டிப் பாய்ந்தது.

தள்ளிக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் நின்ற வைத்திலிங்கம் வேட்டியை முழங்கால்வரை வழித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி, அதை வைக்க ஈரமில்லாத இடம் தேடிக்கொண்டிருந்தார்.