சிவப்பு க்ளிப்

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளேயே இரண்டு குடித்தனம் நடந்தது. தம்பி கட்டட வரைபடம் போடுகிறவன். அவனுடைய மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அக்கா ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிறவள். அவளுக்கு லினக்ஸ் இல்லாவிட்டால் கை ஓடாது. பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். பத்து நொடிக்குள் எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். தம்பியுடையது முன்வீடு, அக்காவுடையது பின்வீடு. இரண்டு பேரும் கோப்புகளைப் போட்டு வைக்கிற பொதுவான டிஸ்க்குக்கு நடு அறை என்று பேர். எல்லாம் அப்பா வைத்த பேர்கள். மனிதர் ஒரு நாளும் அந்தக் கீபோர்டைத் தொட்டதில்லை, பேர் வைப்பதில் மட்டும் குறைச்சல் இல்லை.

நடு அறையால் வந்த வினைதான் சிவப்பு க்ளிப். தம்பி ஒரே நேரத்தில் இருபது வரைபடங்களைத் திறந்து வைத்திருப்பான். மூடித் திறந்தால் அரை மணி நேரம் போய்விடும் என்று மெஷினை அப்படியே உறைய வைத்துவிட்டுக் கிளம்புவான். பார்க்க அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே முன்வீடு கண்ணை மூடிப் படுத்திருக்கும். அந்த நேரத்தில் பின்வீட்டு வழியாக நடு அறையில் எதையாவது கொண்டுபோய் வைத்தால் தொலைந்தது. முன்வீடு விழித்ததும், தான் படுக்கப் போனபோது நடு அறை எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். புதிதாக வந்ததன் மேலேயே தன் சாமானைப் பரப்பிவிடும்.

அப்படி ஒரு முறை அக்காவின் ஒரு வார வேலை போயே போய்விட்டது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்ப் பட்டறைக்காரர் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது: உறைய வைத்துவிட்டுப் போனால் தம்பி மானிட்டரின் மூலையில் சிவப்பு க்ளிப்பை மாட்டிவிட வேண்டும். அது இருந்தால் அக்கா கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. இல்லாவிட்டால் தாராளமாகப் போகலாம். துணிக்கொடியில் இருக்கும் க்ளிப்பெல்லாம் நீலம், இது ஒன்றுதான் சிவப்பு. இரண்டு வருஷமாக ஒரு சண்டை கிடையாது.

இப்படி இருக்கையில்தான் அப்பாவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் அவருக்கு வைத்த பேர் ‘கிளட்ச்சு’. அவர் “கிளட்ச்சு!” என்று ஒரு அதட்டல் போட்டால் நடைபாதையில் போகிறவர்கள்கூட இடது காலைத் தூக்குவார்கள் என்பது தம்பியின் கிண்டல்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்னால் முந்நூறு வாக்கியங்களை நல்ல மைக்கில் பதிந்து தந்தால், அதை வைத்து ஒரு குரல் செய்து போனில் ஏற்றிவிடலாம். பிறகு அப்பா எழுத்தைத் தட்டினால் போன் அவர் குரலிலேயே பேசும்.

“பதியலேன்னா?” என்று கேட்டார் அப்பா.

“அப்பவும் பேசும். வேற யாரோ ஒருத்தரோட குரல்ல.”

“எவன் குரல்லயோ நான் எதுக்குப் பேசணும்? அதுக்கு ஊமையாவே இருந்துட்டுப் போறேன்.”

சொன்னால் செய்கிற மனிதர். அதனால் அக்கா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தம்பி வெள்ளிக்கிழமையே வெளியூர்க் கட்டட வேலைக்குப் போய்விட்டான். சனியும் ஞாயிறும் பதிவு, செவ்வாய் அறுவை. பட்டறைச் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலை ஒரு தடித்த கம்பளியால் மூடினாள். கம்பளி நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது. கையில் அகப்பட்ட க்ளிப்பையெல்லாம் மாட்டி ஒருவழியாக நிறுத்தினாள். பின்வீட்டைத் திறந்து, அப்பாவை உட்கார வைத்து, மைக்கை ஒரு முறை சோதித்துக்கொண்டாள்.

முந்நூறு வாக்கியத்தையும் அவர் படித்தார். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதை மாணவனை அதட்டுவதுபோல் படித்ததில் இருவருக்கும் சிரிப்பு வந்து மூன்று முறை திரும்பப் பதிய வேண்டியதாயிற்று. பட்டியலில் இல்லாததையும் சொன்னார். “தம்பி, சாப்பிட்டியாடா?” “கிளட்ச்சை விடு, மெதுவா, மெதுவா, நான்தான் பக்கத்துல இருக்கேன்ல.” அக்கா எல்லாவற்றையும் நடு அறையில் சேமித்தாள். நகல் எடுக்கவில்லை. இருமலையும் தொண்டைக் கரகரப்பையும் வெட்டிவிட்டு, சுத்தமாகக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாள். அவள் தொழில் புத்தி அப்படி.

செவ்வாய்க்கிழமை அறுவை நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை தம்பி வந்தான், முன்வீட்டை எழுப்பினான், நாள் முழுக்க வரைபடம் போட்டுச் சேமித்தான். வியாழன் காலை அக்கா பின்வீட்டைத் திறந்தபோது நடு அறையில் அப்பாவின் பதிவு ஒன்றுகூட இல்லை.

“க்ளிப்பு மாட்டினியா, இல்லையா?”

தம்பி மானிட்டரின் மூலையைத் தடவிப் பார்த்தான். “மாட்டினேன்னுதான் நெனக்கிறேன்க்கா.”

“நெனக்கிறியா? நான் வந்து பாத்தப்ப மானிட்டர்ல ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா தொட்டிருப்பேனா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினேன். ஒருவேளை…”

“ஒருவேளையாம்! அப்பா குரலை அழிச்சுட்டு நிக்கிறடா நீ!”

அவன் டிஸ்க்கைக் கழற்றி ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கடைக்காரர் பகல் முழுக்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த இடத்தின் மேலெல்லாம் வரைபடங்கள் உட்கார்ந்துவிட்டனவாம்.

அன்று சாயங்காலம் அக்கா ஜன்னல் கம்பளியை இறக்கப் போனாள். ஐந்து நீல க்ளிப்புகள். ஆறாவது, வலது மூலையில், கம்பளி மடிப்புக்குள் மறைந்து, சிவப்பு.

மானிட்டருக்கும் அந்த மூலைக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இல்லை. கம்பளி சரிந்த அவசரத்தில் எட்டிப் பிடுங்கி மாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். அடுத்த அறையில் தம்பி இன்னொரு கடைக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். போய்ச் சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. அவள் க்ளிப்பை எடுத்து மேஜை இழுப்பறையில் பழைய ஒயர்களுக்கு அடியில் செருகினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். நாளைக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவு போன செய்தியை அப்பாவிடம் அவளேதான் சொன்னாள். “தம்பி க்ளிப்பை மாட்டலப்பா” என்றும் சொன்னாள். அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிலேட்டை வாங்கி, ‘தம்பியைத் திட்டாதே’ என்று எழுதினார். மகன் மேல் பாசம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

பத்து நாளில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி ஒரு முறை போனில் எழுத்தைத் தட்டிக் காட்டினான். செய்தி வாசிக்கிற குரலில் யாரோ ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்றார்கள். அப்பா போனை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அதற்குமேல் யாரும் அதைத் தொடவில்லை. தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவனுக்குத் தலையும் வாலும் புரியாத பின்வீட்டில் ஒவ்வொரு மூலையாகத் துழாவிக்கொண்டிருந்தான். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று அக்கா கிட்டே போவாள். பாதியிலேயே திரும்பிவிடுவாள். ‘அழிச்சுட்டு நிக்கிற’ என்று சொன்ன வாயால், அழித்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் இருந்தாள். திடீரென்று தம்பி கூவினான்.

“அக்கா! ஓடி வா! ஒண்ணு இருக்கு!”

அவள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். சனிக்கிழமை மைக்கைச் சோதித்தபோது பதிந்தது. சோதனைதானே என்று நடு அறைக்குக் கொண்டுபோகாமல் பின்வீட்டிலேயே விட்டிருக்கிறாள், அவளுக்கே மறந்துபோயிருந்தது. நாற்பது நொடி. தம்பியின் கண்ணில் பத்து நாளாக இல்லாத வெளிச்சம். “அப்பா, இங்க வாங்க, உக்காருங்க” என்று கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். ஸ்பீக்கரைக் கூட்டி வைத்துவிட்டு ஓட விட்டான்.

முதலில் கம்பளி இழுபடும் சத்தம். பிறகு அப்பா. அதே கனத்த குரல், அதே அதிகாரம்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமா? … ஏம்மா, அந்தச் செவப்பு க்ளிப்பை எடுத்து ஜன்னல்ல மாட்டிட்டியே, அது தம்பி வச்சதாச்சே?”

“பேசாம இருங்கப்பா, ரெக்கார்டு ஓடுதுல்ல.”

“இல்லம்மா, அவன் எதையோ தூங்க வச்சிட்டுப் போயிருக்கான் போல…”

“அய்யோ அப்பா! நான் சொன்னப்புறம் பேசுங்க. இப்ப பேசாதீங்க.”

அப்பா சின்னதாகச் சிரிப்பது கேட்டது. அத்தோடு பதிவு முடிந்துவிட்டது.

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அப்பா யாரையும் பார்க்கவில்லை. அவர் முகத்தில் புதிதாக எதையும் கேட்ட அடையாளமே இல்லை. அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சிலேட்டில் ஒரு வரி எழுதினால் போதும், எழுதவில்லை. மகள் தானே சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கி, மறுபடி போடு என்று சைகை காட்டினார். தம்பி மறுபடி ஓட விட்டான்.

அக்கா இழுப்பறையைத் திறந்து, ஒயர்களுக்கு அடியிலிருந்து க்ளிப்பை எடுத்துத் தம்பியின் முன்னால் வைத்தாள். “தம்பி, நான்தான்டா. நான் அன்னிக்கே பாத்துட்டேன். உங்கிட்ட…”

“பேசாம இரு அக்கா” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பா பேசுறாரு.”