தேடினால் வராத கடை

கடை திறந்த நாளிலிருந்து படியேறி வந்தவர்கள் எல்லாரும் அவளுக்கு ஏதோ ஒரு முறையில் உறவு. சித்தப்பா கைப்பிடி அறுந்த பையோடு வந்தார். பெரியம்மா மகள் ஜிப் போன பெட்டியோடு வந்தாள். நாத்தனார் ஒரு சூட்கேஸை உருட்ட முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். கடைக்காரி அதைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்த்தாள். உடைந்த இடம் புத்தம் புதிதாக இருந்தது. பக்கத்தில் சுத்தியல் பட்ட தழும்பு வேறு.

"இதை நீயே உடைச்சியா?"

"இல்ல அண்ணி, அதுவா உடைஞ்சிருச்சு."

"சுத்தியலும் அதுவா வந்துச்சாக்கும்."

"போணியாகட்டுமேன்னு பாத்தேன். நல்லதுக்குக் காலமே இல்ல."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் நாத்தனார் போன பிறகு அந்த உடைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் எத்தனை பெட்டியைத்தான் உடைப்பார்கள்?

பல வருடங்கள் பெட்டி செய்யும் தொழிற்சாலையில், பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவள் அவள். கழன்ற சக்கரம், பல் விட்ட ஜிப், அறுந்த வார் எல்லாம் அவள் கை பட்டால் அடங்கிவிடும். சொந்தமாகச் செய்வோம் என்று வெளியே வந்துவிட்டாள். அங்கே மேற்பார்வை பார்க்கும் அக்காவுக்கு அவளை விட மனமில்லை. "மாசக் கடைசி வரைக்கும் உன் நாற்காலிய யாருக்கும் தர மாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லியிருந்தாள். அதனால் அவளும் தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவர், ஒரே ஒருவர், தானாகத் தேடிக்கொண்டு இந்தப் படியேறி வர வேண்டும். வந்தால் கடை, வராவிட்டால் நாற்காலி.

தேடி வருவதுதான் கஷ்டமாக இருந்தது. மருந்துக்கடைக்கு மேலே, நீண்ட நடையின் கோடியில் இருந்தது அவள் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு. தெருப்பக்கச் சுவரில் பலகை மாட்டக் கூடாது என்று கட்டடக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கணவர் பலகை எழுதும் பெயிண்டர். கீழே மருந்துக்கடை, எதிரே பல் டாக்டர், முனையில் சைக்கிள் கடை எல்லாம் அவர் எழுத்துதான். ஊருக்கெல்லாம் பலகை எழுதுகிறவர் பெண்டாட்டிக்கு ஒரு பலகை இல்லை.

பெயிண்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் வரும். பலகை கிடையாது என்று கேட்ட அன்றும் அப்படித்தான், விளக்கு ஏற்றிய பிறகு சொன்னார்: "சுவர்ல வேணாம்னா போகுது. வெப்சைட்ல மாட்டுவோம்."

ஒரு வாரம் வீட்டில் பெயிண்ட் வாசனை. பலகை பலகையாக எழுதிக் காயவைத்தார். கடையின் பெயர் "வழித்துணை" என்று நீலத்தில், பொன்னிற நிழலோடு. அதன் கீழே "பயணப் பெட்டிகளுக்கு மறுவாழ்வு". பிறகு முகவரி, தொலைபேசி எண், செய்யும் வேலைகள் எல்லாம் பிரஷ் பிடித்து எழுதியவை. நாத்தனார் அவற்றைப் படம் எடுத்து ஒவ்வொன்றாக வெப்சைட்டில் ஏற்றினாள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மாமியார் போனைக் கண்ணருகே வைத்து, "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றாள்.

கிணற்றில் போட்ட கல்லாக அது அங்கேயே கிடந்தது. "வழித்துணை" என்று தேடினால் பஸ் கம்பெனி வந்தது, இன்சூரன்ஸ் வந்தது, வரன் பார்க்கும் நிலையம்கூட வந்தது. "சூட்கேஸ் ரிப்பேர்" என்று தேடினால் எங்கெங்கோ இருக்கிற கடைகள். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாலும் அவள் கடை மட்டும் இல்லை.

"புதுசு அண்ணி, கொஞ்ச நாள் ஆகும்" என்றாள் நாத்தனார்.

கொஞ்ச நாளும் ஆயிற்று. மாதம்தான் தேய்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சித்தியிடமிருந்து போன். "உன் நம்பரை ஒருத்தருக்கு அனுப்பலாம்னு விரலால அமுக்கிப் பாக்குறேன், ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குதே. என் போன் கெட்டுப்போச்சா?"

அவளும் அமுக்கிப் பார்த்தாள். மற்ற வெப்சைட்டுகளில் எழுத்துகள் தனித்தனியாக விரலில் ஏறின. அவளுடையதில் முழுப் படமும் ஒரேயடியாக மங்கியது. கை வேலையை நிறுத்திவிட்டு, வெப்சைட் கட்டிக்கொடுக்கும் நிறுவனத்தின் உதவிக் குறிப்புகளைத் தேடிப் படித்தாள். தேடுபொறி தட்டச்சு செய்த எழுத்தைத்தான் முதலில் படிக்கும், படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள் என்று அங்கே போட்டிருந்தது. படித்ததும் அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அத்தனை அழகான பக்கத்தில், அதைப் பொறுத்தவரை, ஒரு எழுத்துகூட இல்லை.

காரணம் தெரிந்ததில் வந்த சந்தோஷம் மறுநொடியே அடங்கிவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எத்தனை ராத்திரி கண் விழித்து எழுதியவர்!

வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் தேய்த்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்ன விஷயம்?" என்றார் பெயிண்டர். அவர் முதலில் பேசியதே அவளை உலுக்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார். ஜன்னலருகே போய் நின்றார். அந்த மௌனத்தில் அவளுக்கு எத்தனையோ கேட்டது. கோபம், வருத்தம், அவமானம் என்று ஒவ்வொன்றாக எடுத்து அந்த முதுகின்மேல் வைத்துப் பார்த்தாள். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். "அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் வாயால படிச்சே காட்டியிருப்பேனே" என்றார். பிறகு அவரே சிரித்தார். நுரை சட்டையெல்லாம் தெறித்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"உங்களுக்கு வருத்தமில்லையாங்க?"

"ராத்திரி இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். படிக்கத் தெரியாதவனுக்கு எழுதிட்டு, படிக்கலையேன்னு கோவப்பட்டா எப்படி?"

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குடும்பமே கடையில் கூடிவிட்டது. படங்கள் படங்களாகவே இருக்கட்டும், ஒவ்வொன்றின் கீழும் அதையே தட்டச்சு செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. பெயிண்டர் ஒற்றை விரலால் தட்டினார். திரையில் விழுந்த எழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்னடா எழுத்து இது, நோஞ்சான் மாதிரி."

"பயணப் பெட்டிகளுக்கு மறுவாழ்வு" என்று அவர் தட்டியதும் நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நில்லு. யாரு இப்படித் தேடுவா? பெட்டி உடைஞ்சு நடுரோட்டுல நிக்கிறவன், 'மறுவாழ்வு எங்கே கிடைக்கும்'னா கேப்பான்?"

"பின்ன என்ன கேப்பான்?"

"நடிச்சே காட்டுறேன்." தான் சுத்தியலால் உடைத்த அதே சூட்கேஸை அவள் நடையில் வைத்தாள். அண்ணி போட்டிருந்த புதுச் சக்கரத்தைத் திருகிக் கழற்றினாள். "அம்மா, உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. இழுத்துட்டு ஓடு."

மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வீட்டில் பூனை மாதிரி நடப்பவள், இப்போது நடை அதிர ஓடினாள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து தரையைப் பிராண்டியது.

"ஐயையோ, சக்கரம் போச்சே! நாசமாப் போற பெட்டி!"

"எழுது எழுது" என்றாள் நாத்தனார்.

"நாசமாப் போறதையுமா?"

"சக்கரம் போச்சு, அது மட்டும் போதும்."

அடுத்து ஜிப். நாத்தனார் தன் துப்பட்டாவின் நுனியையே அதில் மாட்டிக்கொண்டு குதித்தாள். "மாட்டிக்கிச்சு, திறக்க மாட்டேங்குது!" கைப்பிடிக்குப் பெயிண்டரே எழுந்தார். நீட்டிய கைப்பிடியை உள்ளே தள்ளுவதுபோல முக்கினார். அவர் வாயிலிருந்து வந்த வசவைக் கேட்டு மாமியார், "உனக்கு இதெல்லாம்கூடத் தெரியுமாடா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே மருந்துக்கடைக்காரர் மேலே என்ன கலாட்டா என்று பார்க்க வந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் பக்கம் நிரம்பிவிட்டது. "சூட்கேஸ் சக்கரம் உடைந்துவிட்டதா? ஜிப் மாட்டிக்கொண்டு திறக்க முடியவில்லையா?" என்று ஆரம்பித்து, மருந்துக்கடைக்கு மேலே எந்தப் படியில் ஏற வேண்டும் என்பதுவரை இருந்தது. சக்கரத்தை மறுபடி மாட்டிய சூட்கேஸையும் நாத்தனார் படம் எடுத்து ஏற்றினாள். படத்தைப் பற்றிச் சொல்ல அங்கே ஒரு சிறு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று பெயிண்டர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "நீலச் சூட்கேஸ், புதுச் சக்கரம் போட்டது, நிமிர்ந்து நிற்கிறது" என்று எழுதினார். மறுபடி வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கு நாத்தனார் விண்ணப்பம் அனுப்பினாள்.

பிறகு காத்திருத்தல். அவள் ஊசியில் நூல் கோத்தாள், வாரைத் தைத்தாள், காது மட்டும் படிக்கட்டில் இருந்தது. மாதம் முடிய ஒருநாள் இருந்தது. மதியம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி! என் சிநேகிதி போன்ல தேடினா. வருது! மூணாவதா வருது!"

அவள் குதிக்கவில்லை. வருவது வேறு, ஆள் வருவது வேறு. பெயிண்டர் கடை அலமாரிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் படியில் சத்தம் கேட்டது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவர் காலடியும் அவளுக்கு அத்துப்படி. இது அவர்கள் யாருமில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு பெட்டி இடித்துக்கொண்டு வந்தது. மூச்சு வாங்க ஒரு மனிதர் வாசலில் நின்றார். கறுப்புக் கோட்டு, காலரில் ஜிகினா.

"பெட்டி திறக்கிறது இங்கதானுங்களே?" என்று ரகசியக் குரலில் கேட்டார். "நான் மேஜிக் பண்றவன். சாயங்காலம் ஷோ. எல்லாம் இதுக்குள்ள இருக்கு, ஜிப் திறக்கல. வெளிய சொல்லிடாதீங்க, எம்பொழப்பு போயிடும்."

அவள் பெட்டியைத் தொடவில்லை. "சார், உங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாதே."

"எங்க சித்தி யாராவது அனுப்பினாங்களா?"

"எந்தச் சித்தி?"

"சித்தப்பா? மாமியார்?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

அவள் முகம் மலர்ந்த மாதிரியைப் பார்த்து மேஜிக்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

ஜிப்பின் பல்லில் ஒரு பட்டுத் துணி சிக்கியிருந்தது. மெழுகைத் தடவினாள். பல்லைக் கோக்கும் ஓட்டியின் இடுப்பைக் குறட்டால் துளி நெகிழ்த்தி, துணியைப் பின்பக்கமாக இழுத்தாள். சிவப்புத் துணி வந்தது. அதன் வாலில் முடிந்த மஞ்சள் வந்தது. அதன் பின்னால் பச்சை, நீலம், மறுபடி சிவப்பு. அவள் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. "அது முடியாதுங்க, மேடையில அரை மணி இழுப்பேன்" என்றார் மேஜிக்காரர். பெட்டி வாயைத் திறந்தது.

"எப்படிங்க எங்களைக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"ஜிப் மாட்டிக்கிச்சுன்னு தேடினேன். மூணு நாலு கடை வந்துச்சு. உங்களோடதைத் திறந்தா அந்த எழுத்து. எழுத்தையே இவ்வளவு பதமா எழுதுறவங்க, பெட்டியப் பிச்சுப் போட மாட்டாங்கன்னு நம்பி வந்துட்டேன்."

பெயிண்டர் திரும்பவில்லை. ஏற்கெனவே அடித்த பலகைமேலேயே இன்னொரு தடவை அடித்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

மேஜிக்காரர் துணிகளைச் சுருட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. தொழிற்சாலை அக்கா. "என்னடி, நாளைக்கு மாசக் கடைசி. நாற்காலிய என்ன பண்ண?"

"வேற ஆளுக்குக் குடுத்துடுங்கக்கா."

 அக்கா பெருமூச்சு விட்டாள். "நீ வர மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி. அது போகட்டும். என் பெட்டி சக்கரம் ஒரு வருஷமா கிறீச் கிறீச்னு கத்துது. இப்பவே கொண்டு வரட்டா?"

"தாராளமா வாங்கக்கா. ஆனா வந்தா கொஞ்சம் உக்காரணும்" என்றாள் அவள், தேவைக்கு மேல் சத்தமாக. "உள்ள கஸ்டமர் இருக்காரு."