முப்பத்தெட்டு நாள் விரதம்

"முப்பத்தெட்டு நாளா பொழுது சாஞ்சப்புறம் என் வாயைத் தாண்டி ஒண்ணும் உள்ள போகல, தெரியுமா? கடுகளவு கூட இல்ல. தண்ணியும் இல்ல!"

கட்டில்மேல் ஏறி நின்று சொன்னாள் எட்டு வயது த்ரிசலா. அவள் அளக்கும் அளப்புக்குக் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரும் பத்தாது. போன வருஷம் மலை உச்சித் தீபத்தை வேங்கிக்கால் வீட்டு மாடியிலிருந்தே ஊதி அணைத்தவள். பள்ளி வேனை ஒற்றைக் கையால் கீழ்பென்னாத்தூர் வரை தள்ளிக்கொண்டு போனவள். மருந்தில் முடி கொட்டியபோது, மேகத்துக்கு இரவல் கொடுத்திருப்பதாக வார்டு முழுக்கச் சொல்லி வைத்தவள்.

மற்ற நாளாக இருந்தால் அவள் அப்பா ஜினசந்திரன் சிரித்திருப்பார். இன்று அவர் கையில் ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது.

வெள்ளை அணு ஒன்பதாயிரத்து இருநூறு. "நார்மல்தாங்க சார், சந்தோஷமா போங்க," என்று லேப்காரர் கைகுலுக்கி அனுப்பியிருந்தார். வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது நல்ல எண்தான். ரத்தப் புற்றுநோய்க்கு ஒன்றரை வருஷமாக மருந்து எடுக்கும் இவளுக்கு, மருந்து அணுக்களை அடக்கி வைப்பதால், மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றரை மாதம் முன்பு இரண்டாயிரத்து எண்ணூறுதான் இருந்தது.

சற்று முன் போனில் வேலூர் டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் நின்றது. "ராத்திரி மாத்திரை தவறாம போகுதா? விசாரிச்சுட்டு உடனே கூப்பிடுங்க. போயும் இப்படி ஏறுதுன்னா வியாதி திரும்பிடுச்சான்னு பார்க்கணும். நாளைக்கே எலும்பு மஜ்ஜை எடுக்கணும்."

"ஒரு நாள் தவறினதில்லீங்க. என் கையாலதான் குடுத்தேன்," என்று அம்மா கனகமாலா சுவரில் சாய்ந்தபோதுதான் மகள் கட்டிலில் ஏறியது.

"எறங்குடி! எந்த நேரத்துல என்னா அளப்பு!"

ஜினசந்திரன் மட்டும் மகள் பக்கம் திரும்பினார். இந்த ஒரு புளுகாவது நிஜமாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டார். "பாப்பா, இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"நீங்க ரெண்டு பேரும் இருட்டினா தண்ணிகூடத் தொடறதில்ல. எனக்காகத்தான்னு சாமிகிட்ட சொன்னீங்கல்ல? நான் மட்டும் தின்னா எப்படிப் பலிக்கும்?"

பொழுது சாய்ந்தபின் உண்ணாதது ஜைனக் குடும்பங்களின் பழைய வழக்கம். ஆபீஸ், டவுன் வாழ்க்கை என்று விட்டுப்போனதை, மகளுக்காகத் திருமலை ஜைனக் கோயிலில் மறுபடி சங்கல்பம் செய்துகொண்டார்கள். முந்தின ராத்திரியோடு முப்பத்தெட்டு நாள். மகளின் மருந்துக்கு விலக்கு உண்டா என்று கேட்டு, உண்டு என்று தெரிந்துகொண்டு, கனகமாலா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். த்ரிசலாவிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"பொய் சொல்றாளுங்க. முழுங்கிட்டியான்னு கேட்டா தினம் தலையாட்டுவா," என்றாள் கனகமாலா.

"தலையைத்தானே ஆட்டினேன்? வாயைத் திறந்தேனா? அப்படியே மூச்சுப் பிடிச்சு பாத்ரூமுக்கு ஓடுவேன். மருந்தை எறியக் கூடாதுன்னு நீதானே சொன்னே? துப்பினது எல்லாம் கலர் பென்சில் டப்பால இருக்கு."

கனகமாலா அசையவில்லை. டப்பாவில் மாத்திரை இருந்தால் தப்பு அவளுடையது. இல்லாவிட்டால் வியாதி திரும்பிவிட்டது. ஜினசந்திரன்தான் போய் எடுத்து வந்தார்.

மூடியைத் திறந்தார். எச்சில் காய்ந்த மஞ்சள் நிற மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கனகமாலா நகத்தால் பெயர்த்துப் பெயர்த்து எண்ணினாள். விரல் நுனியெல்லாம் மஞ்சளானது.

"முப்பத்தேழுதான் இருக்கு."

"ஒண்ண எறும்பு தூக்கிட்டுப் போச்சு. நாலாயிரம் எறும்பு!"

யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு நாள் மருந்தில்லாமல் கிடந்த அந்தச் சின்ன உடம்புக்குள் என்ன நடந்திருக்குமோ! ஜினசந்திரன் நம்பரைப் போட்டார். அந்தப் பக்கம் குரல் கேட்டதும் மனைவியிடம் நீட்டினார். கனகமாலா போனை வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர், மாத்திரை போகலைங்க. பாப்பா சொன்னது நிஜம். முப்பத்தெட்டு நாளும் நடந்திருக்கு... நான்தான் நம்பல."